ஒத்தக்கை தொரையின் இரண்டாவது கை

"இந்த ஆளுக்கு ரெண்டு கை இருக்குங்க."

பிரசன்னா இப்படிச் சொன்னபோது என் உதட்டில் நாலு ஆணி இருந்தது. பிரேம் அடிக்கிறவர்கள் ஆணியை உதட்டில் கவ்விக்கொண்டுதான் வேலை செய்வோம். அதனால் உடனே வாயைத் திறக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "இருந்தா நல்லதுதானேங்க?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கொண்டுவந்த படத்தை மேசையில் சாய்த்து வைத்தார். நான் போன மாதம் துடைத்துக் கொடுத்த படம்தான். குதிரைமேல் ஒரு பட்டாளத்துக்காரன், நெஞ்சு முழுக்கக் கயிறு கயிறாகப் பின்னல், வலது கையில் வளைந்த வாள். பிறகு பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தார். பங்களாவில் இருக்கும் சாமான்களின் பட்டியல் அது. நீல மையில் அழகான கையெழுத்து.

"கணப்படுப்புக்கு மேல்: குதிரைமீது ராணுவ அதிகாரி. அச்சுப்படம். இடது கை இழந்தவர்."

"லிஸ்ட்ல கை இல்ல. இதுல கை இருக்கு. அப்ப இது அந்தப் படம் இல்ல. போன மாசம் செல்லையா இதை உங்க கடைக்குத்தான் எடுத்துட்டு வந்திருக்காரு. ஒரிஜினல் எங்க மேடம்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. கொடைக்கானலில் காது சூடாவது லேசில் நடக்காது. இறந்துபோன அப்பாவின் ஒரே ஒரு போட்டோவை என்னை நம்பிக் கொடுத்துவிட்டு, ரசீதுகூட வாங்காமல் மேல்மலைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட என் கடையில் நின்றுகொண்டு ஒரு ஆள், நீ படத்தை மாற்றிவிட்டாய் என்கிறார். நான் கத்தினேன். பக்கத்து ஸ்வெட்டர் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

பிரசன்னா கெட்டவர் இல்லை. கோயம்புத்தூர்க்காரர். பங்களாவை ஹோம் ஸ்டே ஆக்குவதற்காகப் புதிதாக வந்த மேனேஜர். பட்டியலில் இருப்பது வீட்டில் இருக்க வேண்டும், வீட்டில் இருப்பது பட்டியலில் இருக்க வேண்டும், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் கத்தி முடிக்கும்வரை நின்றார்.

"வியாழக்கிழமை ஓனரம்மா வர்றாங்க. அதுக்குள்ள ஒரிஜினல் வரலைன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்க வேண்டியதா இருக்கும். செல்லையாவையும் நிறுத்தத்தான் வேணும். தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் படத்தைத் தூக்கிக்கொண்டார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் அதை என் போனில் நாலு படம் எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. அன்று திங்கட்கிழமை.

கொடைக்கானலில் பிரேம் கடை வைத்திருக்கும் பெண்ணுக்கு, நெப்போலியன் காலத்துக் குதிரைப்படை உடுப்பைப் பார்த்ததும் பட்டாளம் எதுவென்று எப்படித் தெரியும் என்று கடைக்கு வருகிறவர்கள் சிலர் கேட்பதுண்டு. ஆசைப்பட்டுப் படித்துத் தெரிந்துகொண்டதாக நினைத்திருக்கலாம். இல்லை. கோபத்தில் தெரிந்துகொண்டேன். மூன்று நாளில்.

பல்லில் கடிவாளம்

முதலில் செல்லையா அண்ணனைச் சொல்ல வேண்டும்.

அவரும் எங்களைப் போலத்தான். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து பெரும்பாறையில் காபித் தோட்டத்தில் இறங்கிய குடும்பம். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தோட்டத்து லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். அந்த முறையில் அவர் எனக்கு அண்ணன்.

வாலிபத்தில் காபிப்பழம் உரிக்கும் மெஷினில் அவருடைய இடது கை போய்விட்டது. முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. தோட்டத்தில் வேலை இல்லையென்று ஆனபிறகு மலையேறி கொடைக்கானல் வந்தார். செண்பகனூர் போகிற வழியில் ஒரு பங்களாவில் வாட்ச்மேன் வேலை காலியாக இருந்தது. அங்கே இருந்தவர் ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா. தனியாள். கண்டிப்பானவர். இவருடைய சட்டைக் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "விறகு பிளக்கணும், கேட்டு திறக்கணும், ஒரு கையால எப்படிப்பா?" என்று கேட்டாராம்.

வேலை இல்லையென்று ஆகிவிட்டது. அண்ணன் திரும்பி நடக்கப் போனார். அப்போதுதான் ஹாலில் குளிர்காயும் கணப்படுப்புக்கு மேலே மாட்டியிருந்த படம் கண்ணில் பட்டிருக்கிறது. புகை படிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரன். வலக்கையில் வாள். இடப்பக்கம் தோளிலிருந்து வெறும் சட்டைக் கை தொங்குகிறது. உள்ளே கை இல்லை.

"அந்தா, அந்தத் தொரையைப் பாருங்கம்மா. ஒத்தக் கையில வாளைப் பிடிச்சுக்கிட்டே குதிரை ஓட்டுறாரு. நான் ஒத்தக் கையில ஒரு கேட்டைத் தெறக்க மாட்டனா?"

டீச்சரம்மா சிரித்துவிட்டார். அவர் சிரித்ததை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை என்று அண்ணன் சத்தியம் பண்ணுவார். மறுநாள் வெள்ளனே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அந்தப் படத்துக்கு ஒத்தக்கை தொரை என்று பெயர். டீச்சரம்மாவும் அப்படித்தான் சொன்னார், பட்டியலிலும் இடது கை இழந்தவர் என்றே எழுதிவைத்தார். விருந்தாளிகள் வந்தால் கதை சொல்வது அண்ணன் வேலை. வலக்கையில் வாள் என்றால் கடிவாளத்தை யார் பிடித்தார்கள் என்று யாராவது விவரமானவர் கேட்பார். அதற்கும் அண்ணனிடம் பதில் இருந்தது. "பல்லுல கடிச்சுக்கிட்டு ஓட்டுவாருங்க." ஒருத்தர்கூட மறுத்துப் பேசியதில்லை.

துடைத்தது என் குற்றம்

போன வருஷம் டீச்சரம்மா காலமாகிவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி மகளுக்கு வீடு போயிற்று. புது முதலாளி வருவதற்குள் வீட்டைப் பளிச்சென்று வைக்க வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. யாரும் சொல்லாமலே படத்தைக் கழற்றி, சாக்கில் சுற்றி, தோளில் வைத்து என் கடைக்குக் கொண்டுவந்தார்.

"கண்ணாடிக்குள்ள பூஞ்சை பிடிச்சுக் கெடக்கு தங்கச்சி. தொரையே சரியாத் தெரியல. கொஞ்சம் தொடைச்சுக் குடு."

சீசன் நேரம். கடையில் நிற்க இடமில்லை. பின்பலகையைக் கழற்றினேன், கண்ணாடியை எடுத்தேன். கீழ்ப்பாதி முழுக்க உட்புறமாகக் கரியும் பூஞ்சையும் அப்பியிருந்தது. மஞ்சு என்று நாங்கள் சொல்லும் மூடுபனி ஏறிய சுவர், கீழே எரியும் அடுப்பு, வேறெப்படி இருக்கும்? கண்ணாடியைக் கழுவிக் காயவைத்து, பழைய பலகை இற்றுப்போயிருந்ததால் புது ஹார்ட்போர்டு வைத்து அடித்துக் கொடுத்துவிட்டேன். படத்தில் இருந்தவனுக்கு எத்தனை கை என்று யார் எண்ணினார்கள்? அண்ணனும் எண்ணவில்லை. மாட்டியபோது மேகமூட்டம், ஹாலில் வெளிச்சமில்லை.

பிரசன்னா எண்ணிவிட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் போன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம். குதிரையின் கழுத்துக்குப் பின்னால், சேணத்தை ஒட்டி, ஒரு இடது கை கடிவாளத்தைப் பிடித்திருந்தது. தெளிவான ஐந்து விரல். ஆனால் தோளிலிருந்து தொங்கும் வெறும் சட்டைக் கையும் அப்படியே இருந்தது! இடது பக்கம் ஒரு முழுக் கை, ஒரு காலிக் கை. வலது பக்கம் ஒரு கை. ஆக மூன்று சட்டைக் கைகள். நான் துடைத்த படம் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இதை எப்படி அந்தக் கோயம்புத்தூர்க்காரருக்குப் புரியவைப்பது?

சாயந்திரம் அண்ணன் வந்தார். சட்டையின் இடது கையை எப்போதும்போல மடித்து ஊக்கு குத்தியிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"திருடன்னு சொல்லிட்டான் தங்கச்சி. இந்த வயசுல." அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் கோபம் குறைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

பூண்டுக்காரரின் ஸ்வெட்டர்

மறுநாள் காலையில் போளூரிலிருந்து பழனிச்சாமி வந்தார். மேல்மலையில் பூண்டு போடுகிறவர். மகள் பட்டம் வாங்கிய போட்டோவுக்கு பிரேம் போடக் கொடுத்திருந்தார். அன்று பூண்டு மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த இடத்திலிருந்து நேராக வந்திருந்தார்.

நான் பிரேமைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் கடை வாசலில் நின்று போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். "ஏலே, நனைஞ்ச மூட்டையைத் தனியா வைலே! வெரசா ஏத்துங்க, மஞ்சு எறங்கப் போகுது!"

நிமிர்ந்து பார்த்தேன். பின்னால் வெயில், அவர் நிழலாகத் தெரிந்தார். வலது கையில் போன். இடது தோளிலிருந்து ஸ்வெட்டரின் கை காலியாகத் தொங்கியது.

ஒரு நொடி, "ஐயோ, இவருக்குக் கை என்னாச்சு?" என்று பதறிவிட்டேன்.

அப்புறம் இடது கையால் மீசையைத் தடவினார்.

என் கையிலிருந்த பிரேம் நழுவியது. நல்லவேளை, கண்ணாடி உடையவில்லை. மேல்மலைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான் அது. வெயிலில் மூட்டை தூக்கினால் வியர்க்கும், மஞ்சு இறங்கினால் பல் கிட்டும். அதனால் ஸ்வெட்டரை முழுதாகக் கழற்ற மாட்டார்கள், போடவும் மாட்டார்கள். ஒரு தோளில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவார்கள். தினமும் நூறு பேரை அப்படிப் பார்க்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

"பழனிச்சாமியண்ணே! அப்படியே நில்லுங்க, அசையாதீங்க!" என்று கத்திக்கொண்டு போனில் படமெடுத்தேன்.

"எனக்கெதுக்கும்மா பிரேமு? நான் இன்னும் உசுரோடதானே இருக்கேன்?" என்றார் அவர்.

அந்தக் குதிரைக்காரன் போட்டிருப்பது ஒரு சட்டை. தோளில் தொங்கவிட்டிருப்பது இன்னொரு சட்டை! கை போகவே இல்லை. குளிருக்குப் போட எடுத்துவந்ததைத் தோளில் மாட்டியிருக்கிறான். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதித்தேன் என்றும் பழனிச்சாமி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்.

கயிற்றுப் பின்னல்காரர்கள்

அன்று கடையில் வேறு வேலை நடக்கவில்லை.

பத்தாவதுவரை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷும், சீசனில் வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பழகிய இங்கிலீஷும் சேர்ந்து எனக்கு ஓரளவு ஓடும். போனில் தேடினேன். முதலில் என்ன வார்த்தை போடுவது என்றே தெரியவில்லை. அந்த நெஞ்சுப் பின்னலைப் பார்த்தால் எனக்கு ஞாபகம் வந்தது கல்யாண வீட்டு பேண்டு செட்தான். வத்தலக்குண்டிலிருந்து வருவார்களே, சிவப்புக் கோட்டில் மஞ்சள் கயிறு கட்டி, அதே பின்னல். பேண்டு செட் கோட்டு என்று தேட ஆரம்பித்து, எங்கெங்கோ போய், கடைசியில் ஒரு சொல்லில் முட்டினேன். ஹுஸார்.

ஐரோப்பாவின் லேசான குதிரைப்படைக்காரர்கள். வேவு பார்ப்பது, துரத்துவது, மீசை முறுக்குவது எல்லாம் இவர்கள் வேலை. இவர்களுக்கு மட்டும் இரண்டு சட்டை. உள்ளே ஒன்று. ரோமம் வைத்து ஓரம் தைத்த இன்னொன்று, இடது தோளில், கயிற்றால் கட்டித் தொங்கும். அதற்குப் பெயர் பெலிஸ். குளிர்ந்தால் போட்டுக்கொள்வார்கள்.

போளூர்க்காரர்களுக்கும் நெப்போலியன் காலத்துக் குதிரைக்காரர்களுக்கும் ஒரே யோசனை. இதைக் கண்டுபிடித்தது நான்! என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

பழைய பட்டாளப் படங்களைப் போட்டு உடுப்பை அடையாளம் சொல்லும் ஒரு குழு போனில் கிடைத்தது. எங்கெங்கோ இருக்கிறவர்கள். பொத்தான் எத்தனை வரிசை, காலர் என்ன நிறம், முழங்காலருகே தொங்கும் பையில் என்ன சின்னம் என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். மூன்று தலைமுறை ஜாதகம் பார்க்கிற ஆட்கள்கூட இவ்வளவு நுணுக்கம் பார்க்க மாட்டார்கள். என் படத்தைப் போட்டேன். காபி ஆறுவதற்குள் பதில்.

தொங்கும் பையில் கழுகு இருக்கிறது, ஆகவே இவன் பிரெஞ்சுக்காரன் என்றார் ஒருவர். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை காலமாக இங்கிலீஷ் தொரை என்று நாங்கள் மரியாதை கொடுத்தவர், இங்கிலீஷ்காரனோடு சண்டை போட்டவர்!

தோளில் தொங்கும் சட்டை பழுப்பு, காலில் வான நீலம், ஆகவே இரண்டாவது ஹுஸார் பட்டாளம் என்றார் இன்னொருவர். ஆமாம் ஆமாம் என்று நாலு பேர் வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

பழுப்பா?

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பட்டாளம் அவர்களுக்குத் தெரியும். காகிதம் எனக்குத் தெரியும். பிரேமைக் கழற்றியபோது ஓரத்தில் மரத்துக்கு அடியில் மறைந்திருந்த விளிம்பு பள்ளிக்கூட நோட்டுப்போல வெள்ளையாக இருந்தது. வெளிச்சமும் புகையும் பட்ட மற்ற இடமெல்லாம் டீத்தண்ணி நிறம். படத்தைப் பெரிதாக்கினேன். அந்தத் தொங்கும் சட்டையின் பழுப்பும், பின்னால் இருக்கும் மேகத்தின் பழுப்பும், வெறும் ஓரக் காகிதத்தின் பழுப்பும் ஒன்றே. அந்தச் சட்டைக்கு வர்ணமே பூசவில்லை! வெறும் காகிதத்தை அப்படியே விட்டிருக்கிறான் படம் போட்டவன். அப்படி விட்டால் என்ன அர்த்தம்? வெள்ளை.

தட்டித் தடுமாறி எழுதிப் போட்டேன். "அது பழுப்புச் சட்டை இல்லை. வெள்ளைச் சட்டை. காகிதம்தான் பழுப்பு. நான் பிரேம் போடுகிறவள்."

பிறகு அந்த முதல் ஆள் வந்தார். வெள்ளை பெலிஸ், வான நீல உடுப்பு என்றால் அது ஐந்தாவது ஹுஸார் பட்டாளம் மட்டும்தான், பழுப்பென்று சொன்னது எங்கள் தவறு என்று எழுதினார். கூடவே கைதட்டுகிற பொம்மை ஒன்று. அந்தக் கைதட்டலை இன்றுவரை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

வெந்நீர் அடுப்புக்கு ஓட்டம்

பட்டாளம் தெரிந்தாயிற்று. ஆனால் பிரசன்னா என்ன கேட்பார்? "சரி மேடம், இவன் ரெண்டு கை உள்ள ஹுஸார். லிஸ்ட்ல இருந்தது ஒத்தக் கை உள்ள வேற ஆளா இருக்கலாமே?" நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். சுவரில் இத்தனை காலம் தொங்கியது இதே காகிதம்தான் என்று காட்டியாக வேண்டும்.

புதன்கிழமை குளித்துக்கொண்டிருக்கும்போது பளிச்சென்று வந்தது. பலகை!

பழைய பிரேம்களுக்குப் பின்னால் பெட்டிப் பலகை வைத்து அடிப்பார்கள். அந்த மரத்தில் கணு இருந்தால், அந்த இடத்துப் பிசின் வருஷக்கணக்கில் காகிதத்தில் இறங்கும். படத்தின் முதுகில் அதே இடத்தில், அதே வடிவத்தில் பழுப்பு மச்சம் விழும். எந்தக் கணு எந்த மச்சம் என்று ஜோடி சேர்த்துவிடலாம். அந்தப் படத்தின் முதுகில் இரண்டு மச்சம் இருந்ததைப் பார்த்த ஞாபகம் எனக்கு நன்றாக இருந்தது. பலகையை எங்கே போட்டேன்?

நான் மரத்துண்டை எறிய மாட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். வீட்டில் எங்கே? விறகுக் குவியலில்.

ஈரத் தலையோடு ஓடினேன். என் வீட்டுக்காரர் வெந்நீர் அடுப்புக்கு முன்னால் குத்தவைத்திருந்தார்.

"அந்தப் பழைய பலகை எங்கங்க?"

"எந்தப் பலகை? நல்லா காஞ்சு கெடந்துச்சே, அதுவா? நீ குளிச்ச தண்ணி அதுலதான் சூடாச்சு."

அடுப்பைப் பார்த்தேன். ஒரு முனை எரிந்துகொண்டிருந்தது. அப்படியே கையால் இழுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன். புஸ்ஸென்று புகை. அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம். பாதிப் பலகை போய்விட்டது. மிச்சப் பாதியில் ஒரு முழுக் கணு இருந்தது, இன்னொன்றில் கால்வாசி.

திருப்பினேன். அடிப்புறத்தில் நீல மையில் எழுத்து. டீச்சரம்மாவின் அதே அழகான கையெழுத்து. "கணப்படுப்புக்கு" என்பதுவரை இருந்தது. "மேல்" எரிந்துபோயிருந்தது.

உள்ளங்கை கொப்பளித்திருந்ததை அரைமணி கழித்துத்தான் கவனித்தேன்.

மூன்று சட்டைக் கைகள்

வியாழக்கிழமை காலையிலேயே பங்களாவுக்குப் போய்விட்டேன். ஓனரம்மாவின் கார் மதியம்தான் மலையேறும் என்றார் பிரசன்னா. ஹாலில் படம் மாட்டியிருந்தது. செல்லையா அண்ணன் வாசல் கதவருகே நின்றார், உள்ளே வரவில்லை. வேலையிலிருந்து நிற்கப்போகிறவன் ஹாலுக்குள் எதற்கு என்று நினைத்திருப்பார்.

நான் நேராகப் பிரசன்னாவிடம் போனேன். "உங்க ஜெர்கினைக் கழட்டுங்க."

"எதுக்கு மேடம்?"

"கழட்டுங்க. இப்ப இடது தோள்ல மட்டும் தொங்க விடுங்க. கையை உள்ள விடாதீங்க. வலது கையில இந்தக் குடையைப் பிடிங்க, வாள் மாதிரி. இடது கையை இடுப்புகிட்ட வைங்க, கடிவாளம் பிடிக்கிற மாதிரி."

பாவம், சொன்னதையெல்லாம் செய்தார். அவரைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, போனில் எடுத்து, அவரிடமே நீட்டினேன். படத்தில் இருப்பவனும் அவரும் ஒரே மாதிரி நின்றார்கள். ஒருத்தனுக்குக் குதிரை இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"இப்ப உங்க இடுப்புக்குக் கீழ கரி அப்பியிருக்குன்னு வைங்க. உங்களுக்கு எத்தனை கை?"

அவர் தன் போட்டோவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் மெதுவாகத் திறந்தது. "ஒண்ணு" என்றார்.

பிறகு அவர் கண்முன்னே படத்தை இறக்கி, பின்பக்க ஆணிகளைப் பிடுங்கி, காகிதத்தைக் குப்புறப் போட்டேன். இரண்டு பழுப்பு மச்சங்கள். எரிந்த பலகையை எடுத்துப் பொருத்தினேன். கணு மச்சத்தின்மேல் உட்கார்ந்தது. சுற்றியிருந்த மரவரிகளும் கோட்டுக்குக் கோடு சேர்ந்தன. கால்வாசிக் கணுவும் தன் மச்சத்தில் போய் நின்றது. கடைசியாகப் பலகையைத் திருப்பி அந்த நீல மையைக் காட்டினேன். பிரசன்னா பட்டியல் நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தார். கணப்படுப்பு என்ற சொல் இரண்டு இடத்திலும் ஒரே சுழிப்பில் இருந்தது.

அவர் நோட்டை மூடினார். பிறகு எழுந்து கதவருகே போனார். "செல்லையா அண்ணே, மன்னிச்சிருங்க. ஓனரம்மாகிட்ட நானே சொல்றேன், தப்பு என்னோடதுன்னு. நீங்க எங்கயும் போக வேணாம்."

அதுவரை அவர் செல்லையா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் கும்பிடுகிற மாதிரி ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

நான் சும்மா இருப்பேனா? பெலிஸ், கழுகு, வெள்ளைச் சட்டை, ஐந்தாவது பட்டாளம் என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். பிரசன்னா நோட்டில் "இடது கை இழந்தவர்" என்பதை அடித்துவிட்டு, நான் சொல்லச் சொல்லப் புதிதாக எழுதினார். அச்சுப்படத்தை மறுபடி பிரேமில் வைத்து மாட்டினோம். மஞ்சு விலகி ஜன்னல் வழியாக நல்ல வெயில் வந்தது. தொரையின் இடது கை விரல்கள்கூட எண்ணும்படி தெரிந்தன.

அப்போதுதான் அண்ணன் உள்ளே வந்தார். படத்துக்கு நேராக நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்து, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம். என் சந்தோஷம் சட்டென்று இறங்கிவிட்டது. இத்தனை காலம் அந்த வீட்டில் அவரைப் போல இருந்த ஒரே ஆளை நான் துடைத்து எடுத்துவிட்டேனே என்று தோன்றியது.

"என்னண்ணே, வருத்தமா?" என்று பக்கத்தில் போய்க் கேட்டேன்.

அவர் திரும்பினார். கண் நனைந்திருந்தது, ஆனால் மீசைக்குக் கீழே சிரிப்பு.

"நல்லவேளை தங்கச்சி. நான் வேலை கேட்டு வந்த அன்னிக்கு அந்தம்மா இந்தக் கண்ணாடியைத் தொடைச்சு வைக்கல."